கீழே வைக்கக் கூடாத துடுப்பு

சிரம்பானில் ஓர் எழுத்துப் பட்டறை. நிஜ வாழ்க்கையிலிருந்து கதை எடுப்பது எப்படி என்று பேச என்னை அழைத்திருந்தார்கள். நான் வேலை பார்ப்பது கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில். எழுத்தாளர் என்று சொல்லி யாராவது மேடையேற்றினால் சனிக்கிழமைத் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சான்றிதழுக்காக வந்த கல்லூரிப் பிள்ளைகள் பின்வரிசையில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் வெண்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: பெயரை மாற்று, ஊரை மாற்று, உறவை மாற்று. இதைச் செய்துவிட்டால் சம்பந்தப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாலும் தன்னைக் கண்டுபிடிக்க மாட்டார் என்று அடித்துச் சொன்னேன். அடுத்த வாரம் அச்சில் வரவிருந்த என் கதையிலிருந்து ஒரு வரியை வாசித்தும் காட்டினேன். கைதட்டினார்கள். பிறகு சாப்பிட நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தார்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் கிடைத்தவற்றில் நம்பத் தகுந்தது அந்த நாசி லெமாக் மட்டும்தான் என்பது ஆடி மாதத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மாவும் நானும் சிரம்பானுக்குப் பக்கத்தில் மந்தினில் இருக்கிறோம். அதற்கு முன்பு தம்பின் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். இன்னும் அதைத் தோட்டம் என்று சொல்வது பழக்க தோஷம். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், செம்பனையை வெட்டித் தாமான் குடியிருப்புப் போட்டார்கள். எங்கள் லயத்து வீடுகள் வரிசையாக இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள், வாசலுக்கு இரண்டு கார். மாரியம்மன் கோயில் மட்டும் நடுவில் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அம்மனைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசில் கையெழுத்துப் போட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தோட்டத்து ஜனங்கள் தம்பின், சிரம்பான், மலாக்கா என்று சிதறிவிட்டார்கள். ஆடியில் கூழ் ஊற்றும் நாளன்று எல்லோரும் வந்து, தாமான்காரர்களின் வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு, அந்தக் காலம் மாதிரி வராது என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தக் காலத்தில் இவர்களில் பாதிப் பேருக்கு ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை கிடையாது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கூழ் காய்ச்சும் அண்டாவில் கேழ்வரகு மாவு விழுந்துவிட்டால், அண்டா இறங்கும்வரை கிண்டுகிற துடுப்பைக் கீழே வைக்கக் கூடாது. ஆள் உயர மரத் துடுப்பு. கை வலித்தால் அடுத்தவரிடம் கொடுக்கலாம், ஆனால் கையிலிருந்து கைக்குத்தான் போக வேண்டும். தரையில் பட்டால் அம்மனுக்குக் கோபம் வரும் என்பார் பூசாரி. மண் ஒட்டும் என்பார் அப்பா. எது சரியோ, வேறு எந்தத் தோட்டத்திலும் இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்தத் துடுப்புக்கு உரியவர்கள் இரண்டே பேர். ஒருவர் அம்மா, இன்னொருவர் அத்தை.

அத்தை என்றால் ரத்த சம்பந்தம் கிடையாது. லயத்தில் எங்களுக்கு எதிர்வீடு. அவர் அப்பாவைத் தம்பி என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை, அம்மாவுக்கு அண்ணி. இருவரும் அடுத்தடுத்த நிரையில் பால்மரம் சீவியவர்கள். அத்தை இப்போது தம்பினில் மகன் வீட்டில் இருக்கிறார். தினமும் காலையில் அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு சாமி படமும் ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்புவார். அம்மா பதிலுக்கு ஒரு தாமரைப்பூ அனுப்புவார். அந்தப் பூ வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் காப்பி கொதிக்கும்.

தோட்டத்து வீடுகளைக் காலி செய்வதற்கு முந்தைய ஆடியில் கூழ் அடிப்பிடித்துவிட்டது. நான் அப்போது சிரம்பானில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான். அம்மா சொல்லி அதைக் கேட்க வேண்டும். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார். துடுப்பு அத்தை கையில். சிங்கப்பூரிலிருந்து என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், புதுக் காரில் புது மருமகளோடு வந்து இறங்குகிறார். அத்தை துடுப்பைத் தரையில் போட்டுவிட்டு மருமகளைப் பார்க்க ஓடுகிறார். திரும்பி வருவதற்குள் கருகல் வாடை லயம்வரை போய்விட்டது. பிரசாதம் என்பதால் யாரும் துப்பவும் முடியாமல் அத்தனை பேரும் அந்தக் கூழைக் குடித்தார்கள். இதைச் சொல்லும்போது அத்தை ஓடிய ஓட்டத்தை அம்மா எழுந்து ஓடியே காட்டுவார். ஒவ்வொரு தடவையும் கதை மெருகேறும். மருமகளின் சேலை முதலில் பச்சையாக இருந்தது, பிறகு மாம்பழ நிறமானது, கடைசியாகக் கேட்டபோது அதில் ஜரிகையும் சேர்ந்திருந்தது. கதை எழுதுகிற ஒருத்திக்கு அந்தச் சேலையைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததெல்லாம் இது நல்ல கதை ஆயிற்றே என்ற பேராசைதான்.

எழுதினேன். பின்னால் பட்டறையில் சொல்லப்போகிற விதிகளை ஒன்று விடாமல் கடைப்பிடித்தேன். கூழைப் பாயசமாக்கினேன். மாரியம்மனை முருகனாக்கினேன். தம்பினைத் தூக்கிக் கெமாஸ் ரயில்வே குடியிருப்பில் வைத்தேன். சிங்கப்பூர்க் கார் ஜொகூர்க் கார் ஆனது, அத்தை சித்தி ஆனார். துடுப்பை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. கையிலிருந்து கைக்குப் போகிற துடுப்பு, அதைத் தவறவிட்ட ஒருத்தி. இதைவிட்டால் இலக்கியம் எங்கிருந்து வரும்? கடைசியில் சித்தி கோயில் பின்னால் தனியாக நிற்கிறார், மழை பெய்கிறது, ஊரே அவரை மன்னிக்கிறது, எங்கோ ஒரு மயில் அகவுகிறது. கெமாஸில் மயில் ஏது என்று யாரும் கேட்கவில்லை. எழுதி முடித்துவிட்டு நானே கொஞ்சம் அழுதேன்.

கதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. எனக்குப் பயமே இல்லை. பத்திரிகையில் சிறுகதை போடுவது ஒரு விஷயத்தை மறைத்து வைப்பதற்குச் சமம் என்பது என் அனுபவம். என் முந்தைய கதைகளை எங்கள் வீட்டிலேயே வடையின் எண்ணெயை வடிக்கத்தான் பயன்படுத்தியிருக்கிறோம். ஆனால் நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை எதற்கு வாங்குகிறார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். நினைவஞ்சலி பார்க்க. சிதறிப்போன தோட்டத்து ஜனங்களுக்கு யார் போய்ச் சேர்ந்தார்கள், யாருக்கு வருடம் திரும்புகிறது, எந்த மகன் எந்தப் படத்தைக் கொடுத்திருக்கிறான் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் தெரியும். அந்த வாரம் எங்கள் தோட்டத்தில் வேலை வாங்கிய பழைய மண்டோருக்கு அரைப்பக்க நினைவஞ்சலி. மாலையும் மீசையுமாக மண்டோர் மேலே இருந்தார். அவருக்கு நேர் கீழே என் கதை.

கோயில் தலைவர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மண்டோர் முழுதாக விழுந்திருந்தார். என் கதையில் முதல் பாதி விழுந்திருந்தது. மழையும் மயிலும் மன்னிப்பும் தலைவரின் கட்டைவிரலுக்கு அடியில் போய்விட்டன. ஆகவே ஊர் படித்தது, ஒருத்தி துடுப்பைப் போட்டுவிட்டு ஓடுகிற பகுதியை மட்டும்.

மண்டோருக்குக் கைகூப்பிய படங்கள் வந்துகொண்டிருந்தபோது நடுவில் யாரோ, இது நம்ம துடுப்பு மாதிரி இருக்கே என்று எழுதினார்கள். அத்தோடு மண்டோரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. கதையில் சித்தி ஓடுவதற்கு முன் ஊறுகாய் வைத்திருந்த ஒரு பாத்திரம் வருகிறதே, அது தன் வீட்டுப் பாத்திரம் என்று ஒருவர் உரிமை கொண்டாடினார். பூசாரியை இன்னும் கொஞ்சம் கம்பீரமாகக் காட்டியிருக்கலாம் என்று பூசாரியின் தம்பி வருத்தப்பட்டார். தலைவர் தனியாக எனக்குப் போன் போட்டு, கதையில் தலைவரே இல்லையே என்று கேட்டார். இல்லாதது நல்லதுதானே என்றேன். அவர் அப்படி நினைக்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு கதைக்கு இத்தனை விமர்சனம் வந்ததில்லை. பெயர், ஊர், உறவு, சாமி எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன் என்று ஒருவருமே கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு அன்று பெரிய வருத்தமாக இருந்தது.

அத்தை ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காலை ரோஜாப்பூ வரவில்லை.

அதற்கடுத்த நாளும் வரவில்லை. அம்மா தாமரையை அனுப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் வந்தன, அவ்வளவுதான். அம்மா கைப்பேசியை அடுப்பு மேடையில் சாத்தி வைத்துவிட்டு அதன் எதிரில் நின்றுகொண்டு காப்பி போட்டார். நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போதும் அது அங்கேயே இருந்தது.

மூன்றாம் நாள் என்னைப் பிடித்துக்கொண்டார். யாரைக் கேட்டு எழுதினாய் என்றார். நீங்கள் சொன்னதைத்தானே எழுதினேன் என்றேன்.

"உன்கிட்டச் சொன்னேன். பேப்பர்ல போடவா சொன்னேன்? வீட்ல சிரிக்கிறதுக்குச் சொன்னதுடி அது."

இலக்கியத்தில் எல்லாமே மூலப்பொருள்தான் என்று ஆரம்பித்தேன். அம்மா பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினார். எங்கள் வீட்டில் குழாய்ச் சத்தத்துக்கு மேல் எந்தக் கொள்கையும் எடுபடாது.

அம்மாவுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். ஆடி வருகிறது. துடுப்பு முதலில் பெரியவரான அத்தை கையில்தான் இருக்கும், அதுவும் வழக்கம். அத்தையாகப் பார்த்து நீட்டினால்தான் அம்மா வாங்க முடியும். அவர் நீட்டாவிட்டால் அத்தனை பேர் முன்னாலும் அம்மா வெறுங்கையோடு நிற்க வேண்டும். தோட்டம் போனது, மரம் போனது, அப்பா போனார். அந்தத் துடுப்பைப் பிடிக்கிற நேரம் ஒன்றுதான் அம்மாவுக்கு அங்கே மிச்சம் இருந்தது. அதையும் நான் ஒரு மயிலுக்காகக் கெடுத்துவிட்டேன். நான் வரவில்லை, முட்டி வலிக்கிறது என்றார் அம்மா. முட்டி வலிக்கிறவர் இரண்டு நாளுக்கு முன்பே சேலையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனேன். காரில் போகும்போது, அத்தையிடம் என்ன சொல்வது என்று மனத்துக்குள் தயார் செய்துகொண்டேன். புனைவு வேறு, நடப்பு வேறு. கதாபாத்திரம் என்பது பல மனிதர்களின் கலவை. பட்டறையில் சொன்னது அத்தனையும் வரிசையாக நினைவுக்கு வந்தது. ரெம்பாவைத் தாண்டிய பிறகு, காரை யார் வாசலிலும் நிறுத்தாதே என்று மட்டும் அம்மா சொன்னார்.

நாங்கள் போனபோது மாவு விழுந்துவிட்டது. கோயில் பின்பக்கத் தகரக் கொட்டகையில் பெரிய காஸ் அடுப்பின் மேல் அண்டா. அத்தை துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது, வெங்காயம் மட்டும் வேகமாக உரிந்தது. வழக்கமாகக் கொட்டகைப் பக்கமே வராத தலைவர் அன்றைக்கு காஸ் கசிகிறதா என்று சோதிப்பதற்காக வந்து நின்றார். சோதித்துக்கொண்டே இருந்தார்.

அம்மா அண்டாவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார். அத்தை நிமிரவில்லை. கூழ் இறுக ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் கை மாற வேண்டும், தனி ஆளால் முடியாது. அத்தையின் ரவிக்கை முதுகு நனைந்துவிட்டது. அப்படியும் நீட்டவில்லை. அம்மா முந்தானை நுனியைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கத்தில் போய், அத்தை, கதைங்கிறது என்னன்னா என்று தொடங்கினேன்.

"தள்ளி நில்லு. அனல் அடிக்குது," என்றார் அத்தை.

அப்போதுதான் அம்மா பேசினார். குரல் அண்டாவைத் தாண்டி வெங்காயம்வரை கேட்டது.

"அண்ணி, அன்னிக்குத் துடுப்பக் கீழ வச்சது நான்தான். என் அண்ணன் வந்தாருன்னு ஓடுனது நான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது, வீட்ல நான் மாத்திச் சொன்னத எழுதிட்டா."

வந்தது அம்மாவின் அண்ணன். அம்மாவின் அண்ணன் வீட்டு மருமகள். அவர்களைப் பார்க்க எதிர்வீட்டு அத்தை எதற்காகத் தலைதெறிக்க ஓட வேண்டும்? கதையைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். ஓரிடத்தில்கூட இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. அம்மா ஊரை மாற்றவில்லை, சாமியை மாற்றவில்லை, காரை மாற்றவில்லை. ஓடிய ஆளை மட்டும் மாற்றினார். அவர் எந்தப் பட்டறைக்கும் போனவர் இல்லை.

அத்தை கிண்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் லா. இங்க யாருக்குத் தெரியாது?"

நான் சுற்றிப் பார்த்தேன். வெங்காயம் உரித்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். காஸ் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த தலைவரும் ஆட்டினார். அந்தத் தோட்டத்திலேயே அது தெரியாத ஒரே ஆள் நான்தான். தெரியாதவள்தான் எழுதியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்த அத்தனை சிரிப்பும் யாரைப் பார்த்துச் சிரித்தது என்று அப்போது புரிந்தது.

பிறகு அத்தை சொன்னார், அம்மாவைப் பார்த்து அல்ல, கூழைப் பார்த்து. அன்றைக்குப் பூசாரி கத்திக்கொண்டிருந்தார். அம்மா தன் அண்ணனோடும் புது மருமகளோடும் நின்றுகொண்டிருந்தார். புது உறவுக்கு முன்னால் அம்மா தலைகுனிய வேண்டாம் என்று, நான்தான் கீழே வைத்தேன் என்று அத்தை சொல்லிவிட்டார். பார்த்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அதை அவர் பெரிதாக நினைத்ததே இல்லை.

"அது போவட்டும். மருமக கழுத்துல கெடந்த நகையப் பாக்க ஓடுனேன்னு பேப்பர்ல வந்திருக்கு. என்னைக்காவது நான் அடுத்தவ கழுத்தப் பாத்திருக்கனா?"

அம்மா பதறிப்போனார். நகையைப் பற்றி நான் சொல்லவே இல்லை அண்ணி என்றார். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அத்தையும் அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார். வெங்காயம் உரிப்பது நின்றுவிட்டது.

அந்த நகை என்னுடையது. கடைசியில் வரும் மழையையும் மயிலையும் விட்டால், முழுக் கதையிலும் நானே யோசித்துச் சேர்த்தது அது ஒன்றுதான். 'புது மருமகளின் கழுத்தில் கிடந்ததை எடைபோடும் கண்களோடு அவள் ஓடினாள்.' பட்டறையில் வாசித்துக் காட்டிக் கைதட்டு வாங்கிய வரியும் இதுதான். ஓர் ஆசிரியர் அதைக் குறித்துக்கொண்டதைக்கூடப் பார்த்தேன்.

அந்த நகையைக் கதையில் போட்டது நான் என்றேன்.

"எதுக்கு?" என்றார் அத்தை.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காரில் தயார் செய்து வைத்த ஒன்றும் வரவில்லை. கலவையும் வரவில்லை, மூலப்பொருளும் வரவில்லை. அந்த அனலில் நின்றுகொண்டு எனக்குச் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"சும்மாதான் அத்தை."

"சும்மா," என்று அவர் திருப்பிச் சொன்னார். இரண்டு சுற்றுக் கிண்டினார். பிறகு துடுப்பின் பிடியை அண்டாவுக்கு மேலே அம்மாவிடம் நீட்டினார். "புடி. கை வலிக்குது."

அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, அடியோடு சேர்த்து அழுத்திக் கிண்டினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. புகை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, அது காஸ் அடுப்பு. அத்தை எதையும் பார்க்காதவர் போல முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தலைவர் ஒருவழியாக காஸ் கசியவில்லை என்று முடிவுக்கு வந்தார்.

அதன் பிறகு துடுப்பு எத்தனையோ தடவை அங்கும் இங்கும் போய் வந்தது. அண்டாவை இறக்கி, தயிர் ஊற்றி, வெங்காயம் போட்டு, அம்மனுக்குப் படைத்தார்கள். தாமான்காரர்களில் சிலர்கூட, வாசலை அடைத்து நிற்கும் கார் யாருடையது என்று கேட்க வந்து, கூழ் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை ரோஜாப்பூ வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அம்மாவும் அத்தையும் ஒரே பாயில் உட்கார்ந்து என் மாமா வீட்டு மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். சேலை பச்சைதான் என்று அத்தை உறுதியாகச் சொன்னார்.

நான் கொஞ்சம் தள்ளி, தூண் ஓரமாக நின்றேன். அத்தை எழுந்து ஒரு டம்ளரில் கூழோடு என்னிடம் வந்தார். என் கையில் கொடுத்தார்.

"குடி. அடிப்பிடிக்கல. எழுத ஒண்ணும் இல்ல."

நான் குடித்தேன்.